செருப்பு கழன்றதே தெரியவில்லை என்கிறீர்களே, அம்மா

கேள்வி: எனக்கு வயது 58. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அசிடிட்டிக்கு வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதை ஆறேழு வருடமாக நானே வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். ஆறு மாதமாக இரண்டு பாதமும் மரத்த மாதிரி இருக்கிறது, பஞ்சின் மேல் நடப்பது போல. போன வாரம் கடைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு செருப்பு கழன்றதே தெரியவில்லை. வாசலுக்கு வந்துதான் பார்த்தேன். மருந்துக்கடையில் நரம்பு மாத்திரை என்று ஒன்று கொடுத்தார்கள். மகன் அமெரிக்காவிலிருந்து பெரிய பாட்டிலில் மல்ட்டி வைட்டமின் அனுப்புகிறான். முடி கொட்டுகிறதே என்று பயோட்டினும் தனியாக அனுப்பினான். என் ஓரகத்தி சொல்லி வைட்டமின் டி பாக்கெட் வாரம் ஒன்று, நான்கு மாதமாகப் பாலில் கலந்து குடிக்கிறேன். விடியற்காலையில் உத்திர வீதியை வெறுங்காலோடு சுற்றி வருவேன். இப்போது இருட்டில் தள்ளாடுகிறது, பயந்து நிறுத்திவிட்டேன். நான் இன்னும் என்ன வைட்டமின் சேர்க்க வேண்டும்? வீட்டு வேலையே உடற்பயிற்சி ஆகாதா? 82 டெஸ்ட் சலுகை விலையில் என்று விளம்பரம் வருகிறதே, எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம் அம்மா. மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் செருப்பு கழன்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதைப் பேசிவிட்டுத்தான் மற்றதற்குப் போக முடியும்.

செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்ததை வயசாகிவிட்டது, கவனம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பாதம் தரையில் படுகிற செய்தி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. இருட்டில் தள்ளாடுவதும் அதே காரணத்தால்தான். வெளிச்சத்தில் கண் பார்த்துப் பார்த்து காலின் வேலையை ஈடுகட்டிவிடுகிறது. இருட்டில் அந்த உதவி கிடைப்பதில்லை. இன்னும் சில கேள்விகள் கேட்கிறேன். சோப்பு போட்டுக் கண்ணை மூடி முகம் கழுவும்போது ஒரு கை தானாகச் சுவரைத் தேடுகிறதா? விரல் முட்டிகள் முன்பைவிடக் கறுத்திருக்கின்றனவா? நிறையப் பெண்கள் அதைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பின் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாக்கு வழவழப்பாகி, ரசம் பட்டால்கூட எரிகிறதா? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோவது சமீபத்தில் கூடியிருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்றால் என் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. எதுவுமே இல்லை என்றாலும் சந்தேகம் போய்விடாது, எல்லாருக்கும் எல்லா அறிகுறியும் வருவதில்லை.

எனக்கு இருக்கிற சந்தேகம் வைட்டமின் பி12 குறைபாடு. சர்க்கரையும் பாதத்தை இப்படி மரத்துப்போக வைக்கும், உங்களுக்கு அதுவும் சேர்ந்தே இருக்கலாம். அதனால்தான் பி12 கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. சர்க்கரைக்காரர் கால் மரக்கிறது என்று சொன்னால், சர்க்கரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது எங்களுக்குச் சுலபம். நானே அப்படி ஒருமுறை தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு வருடம் சர்க்கரை மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தேன். மூன்றாவது வருடம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோதுதான் பி12 பார்க்கத் தோன்றியது. ஊசி போட்டதும் நாக்கு எரிச்சல் போயிற்று, சோர்வு போயிற்று. கால் முழுதாகத் திரும்பவில்லை. அந்த இரண்டு வருடம் இப்போதும் எனக்கு உறுத்தும்.

அதுதான் மல்ட்டி வைட்டமினில் பி12 இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த வைட்டமினுக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு: வாயில் போட்டால் மட்டும் போதாது, உடம்புக்குள் போய்ச் சேர அது பல வாசல்களைத் தாண்ட வேண்டும். உணவில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வயிற்று அமிலம்தான் அதைப் பிரித்துவிடும். பிறகு வயிற்றுச் சுவரிலேயே சுரக்கிற ஒரு புரதம் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய 20 அடி நீளச் சிறுகுடல் முழுவதும் கூட்டிப்போய், கடைசிப் பகுதியில் உள்ளே சேர்க்கும். அங்கே சேராவிட்டால் வெளியே போகவேண்டியதுதான்.

இப்போது உங்கள் கதையைப் பாருங்கள். பி12 செடி கொடிகளில் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை, பால் இவற்றில்தான் இருக்கிறது. நீங்கள் சைவம், உங்களுக்குப் பாலும் தயிரும் மட்டுமே வழி. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும், நாளுக்குத் தேவை இரண்டே கால் மைக்ரோகிராம் அளவு. காப்பியில் ஊற்றுகிற பாலும் இரவு நீர்மோரும் சேர்ந்தால்கூட இது எட்டாது. அடுத்தது அசிடிட்டி மாத்திரை. அது அமிலத்தைக் குறைக்கிறது. முதல் வாசல் பாதி சாத்தியாகிவிட்டது. அப்புறம் மெட்ஃபார்மின், அது குடலின் கடைசியில் பி12 உள்ளே போவதைத் தடுக்கிறது. எவ்வளவு வருடம், எவ்வளவு டோஸ் என்பதைப் பொறுத்து இந்தத் தடை கூடும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது அடிக்கடி காணப்படும் பக்கவிளைவு, அறிகுறி இருந்தால் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கையே அனுப்பியது. வரவு குறைவு, முதல் வாசல் பாதி மூடல், கடைசி வாசலிலும் தடை, மூன்றும் உங்கள் ஒருவரிடமே சேர்ந்துவிட்டன.

அப்படியானால் இத்தனை வருடம் ஏன் ஒன்றும் தெரியவில்லை? கல்லீரலில் இந்த வைட்டமினுக்கு ஒரு குதிர் இருக்கிறது. சில மில்லிகிராம் சேமிப்பு, வரவே இல்லாவிட்டாலும் மூன்று நான்கு வருடம் தாங்கும். நீங்கள் அந்தக் குதிரிலிருந்து அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தீர்கள். இப்போது கை அடியில் தட்டுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து, மலிவான மருந்து, உங்கள் சிறுநீரகத்தையும் கண்ணையும் இத்தனை நாள் காத்து வந்ததில் அதற்கும் பங்கு உண்டு. பி12-ஐ ஈடுகட்டிவிட்டால் அதைத் தொடரலாம். அசிடிட்டி மாத்திரையைத்தான் உங்கள் டாக்டரிடம் பேசிக் குறைக்கப் பாருங்கள். அதையும் ஒரே நாளில் நிறுத்தினால் நெஞ்செரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பிவரும். அமிலம் அடங்கிக் கிடந்தது திடீரென்று துள்ளும். ஒன்றுவிட்டு ஒருநாள் என்று மெதுவாக இறக்க வேண்டும்.

அடுத்தது, கடையில் கொடுத்த நரம்பு மாத்திரை. அட்டையின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். ஃபோலிக் அமிலம் எவ்வளவு, பி6 எவ்வளவு என்று இருக்கும். இந்த இரண்டைப் பற்றியும் ஒரு கதை சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1926-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மைனாட், மர்ஃபி என்று இரண்டு மருத்துவர்கள், அதுவரை ஆளையே கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகைக்காரர்களுக்குத் தினமும் ஈரலைத் தின்னக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1934-ல் விப்பிள் என்பவரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு நடுவில், 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் அதே மாதிரி ரத்தசோகை. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து உருவத்தில் பெருத்திருந்தன. அடுத்த வருடம் சில மாதங்கள் நம் குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்தில் உட்கார்ந்து எலிகளை வைத்து ஆராய்ந்தார். கடைசியில் அந்தப் பெண்களைக் குணப்படுத்தியது மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு. சுத்தப்படுத்திய ஈரல் ஊசியில் இல்லாத ஏதோ ஒன்று இந்த ஈஸ்ட்டில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. அந்த ஏதோ ஒன்றுதான் 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வாங்கியது. ஈரலில் இருந்தது பி12. அதை 1948-ல் பிரித்தெடுத்தார்கள்.

கதையை ஏன் சொன்னேன் என்றால், இந்த இரண்டும் ரத்தத்தில் ஒன்றுக்கொன்று ஆள்மாறாட்டம் செய்யக்கூடியவை. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை நிறையக் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும். ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும், டானிக் வேலை செய்கிறது என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் நரம்பின் மேல் ஒயருக்கு ரப்பர் உறை மாதிரி ஓர் உறை இருக்கிறதே, அதைப் பராமரிக்க பி12 வேண்டும், ஃபோலிக் அமிலத்தால் ஆகாது. வெளியே ரத்தம் நன்றாக இருக்க, உள்ளே நரம்பு உரிந்துகொண்டே போகும். கடையில் கிடைக்கிற ரத்த டானிக்கைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம் என்பதற்குக் காரணம் இதுதான்.

பி6 கதை இதைவிட வேடிக்கை. அது நாளுக்கு 2 மில்லிகிராம் அளவு போதும். சில நரம்பு மாத்திரைகளில் 50, 100 என்று இருக்கும். அவ்வளவை மாதக்கணக்கில் தின்றால் அந்த பி6 தானே பாதத்தை மரக்க வைக்கும். எதற்காக மாத்திரையோ அதையே மாத்திரை உண்டாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் நாளுக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து வேண்டாம் என்று உச்ச அளவைக் குறைத்தது. உங்கள் அட்டையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போகும்போது அட்டையையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லி விளக்குவதைவிட அது நல்லது.

இந்த வாரமே சோதனை செய்துகொள்ள வேண்டும். தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நரம்பு விஷயத்தில் மாதக் கணக்கு முக்கியம். ஆறு மாதத்துக்குள் பிடித்தால் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறது, வருடக்கணக்கில் விட்டால் மிச்சம் நின்றுபோகிறது. கேட்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, பி12, மூன்று மாதச் சராசரி சர்க்கரையான எச்பிஏ1சி, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி. தைராய்டு குறைந்தாலும் கால் மரக்கும், அதனால் அதையும் சேர்த்தேன். பி12 அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200-லிருந்து 300 வரை இரண்டுங்கெட்டான். நீங்கள் ஏற்கெனவே மல்ட்டி வைட்டமினும் நரம்பு மாத்திரையும் சாப்பிடுவதால் ரத்தத்தில் எண் நன்றாக இருப்பதுபோல் காட்டி ஏமாற்றக்கூடும். அப்படி வந்தால் ஹோமோசிஸ்டீன் என்ற இன்னொரு சோதனையை டாக்டர் எழுதலாம்; பி12 செல்லுக்குள் போய் வேலை செய்யாவிட்டால் அது ஏறி நிற்கும். "எண் நார்மல், ஒன்றும் இல்லை" என்று அவசரமாக அனுப்பினால், கால் மரக்கிறதே என்று இன்னொரு முறை சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பயோட்டினை மட்டும் ரத்தம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள். அதிக டோஸ் பயோட்டின் தைராய்டு சோதனையையும் மாரடைப்புக்குச் செய்கிற ட்ரோபோனின் சோதனையையும் குழப்பிவிடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-லேயே இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. முடிக்காகச் சாப்பிட்ட மாத்திரை இல்லாத தைராய்டு நோயைக் கொண்டுவந்து காட்டிய ரிப்போர்ட்டுகள் என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. முடியைப் பொறுத்தவரை, பயோட்டின் குறைபாடே இல்லாதவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. தைராய்டும் இரும்புச்சத்தும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

குறைபாடு உறுதியானால், நரம்பில் அறிகுறி இருப்பதால் உங்களுக்கு முதலில் ஊசிதான் போடுவார்கள். சில வாரம் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. அப்புறம் மாத்திரைக்கு மாறலாம். 1,000 மைக்ரோகிராம் மாத்திரையைக் கண்டு இவ்வளவு எதற்கு என்று திகைக்க வேண்டாம். கைபிடித்துக் கூட்டிப்போகிற வழி அடைபட்டாலும், சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகவே குடலில் ஊறி உள்ளே போகும். ஆயிரத்தில் அது பத்து மைக்ரோகிராம், உங்கள் தேவையைப்போல் நான்கு மடங்கு. உங்கள் மல்ட்டி வைட்டமினில் இருக்கிற சில மைக்ரோகிராமுக்கு இந்தக் கணக்கு பலிக்காது.

முட்டை சாப்பிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, 58 வயதில் உங்கள் வழக்கத்தை மாற்றச் சொல்ல நான் யார்? மாத்திரையிலும் ஊசியிலும் இருக்கிற பி12 பாக்டீரியாவை வளர்த்துத் தயாரிக்கப்படுவது, அதில் உங்களுக்குச் சங்கடம் இல்லை. மெத்தென்ற காப்ஸ்யூல் உறை மட்டும் பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. மகன் அனுப்பிய பாட்டிலில் பாருங்கள். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து எடுப்பது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தினம் இரண்டு டம்ளர் பாலோ அதற்கு ஈடாகத் தயிரோ சேருங்கள். சுருள்பாசியில் (ஸ்பைருலினா) பி12 இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போல வேடம் போட்ட பொருள், நம் உடம்புக்குப் பயன்படாது. பழைய சோறு எனக்கு ரொம்பப் பிடிக்கும், வயிற்றுக்கும் இதம். ஆனால் பி12-க்காக அதை நம்பி இருக்க முடியாது.

வைட்டமின் டி பாக்கெட்டுக்கு வருவோம். ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். குறைபாடு இருக்கிறவர்களுக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். பிறகு மாதம் ஒன்று. நீங்கள் சோதனையே செய்யாமல் நான்கு மாதமாக வாரம் ஒன்று. விஷமாகியிருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் இது கொழுப்பில் கரைகிற வைட்டமின். பி காம்ப்ளெக்ஸில் மிச்சமானது சிறுநீரை மஞ்சளாக்கிக்கொண்டு வெளியே போகிறதே, அதுபோல இது போகாது, உடம்பிலேயே தங்கும். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு இரண்டு மாதம் சாப்பிட்ட ஒரு பெரியவரை என்னிடம் கூட்டிவந்தார்கள். வாந்தி, மலச்சிக்கல், பேச்சுக் குழறல். கால்சியம் ஏறி சிறுநீரகம் பாதி அடங்கியிருந்தது. அதனால் பாக்கெட்டை இப்போதே நிறுத்திவையுங்கள், கால்சியமும் டி அளவும் பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிறபடி செய்யலாம். தேவை இல்லாதவருக்கு இதனால் என்ன லாபம் என்பதை அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து ஐந்து வருடத்துக்கு மேல் சோதித்துப் பார்த்தார்கள். தினம் 2,000 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் வருவதோ மாரடைப்பு வருவதோ குறையவில்லை.

திருச்சி வெயிலில் இருந்துகொண்டு வைட்டமின் டி ஏன் குறைகிறது என்று பலர் கேட்பார்கள். விடியற்காலை வெயில் உடம்புக்கு நல்லது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். டி உண்டாக்குகிற கதிர் அந்த இளவெயிலில் கிட்டத்தட்ட இல்லை. சூரியன் ஏறி, நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற வேளையில்தான் அது தரைக்கு வருகிறது. கண்ணாடி ஜன்னல் வழியாகவும் வராது. வாரத்தில் நாலைந்து நாள், பகல் பதினொரு மணிவாக்கில் துணி காயப்போடுகிற சாக்கில் முகமும் முழங்கைக்குக் கீழும் வெயில் பட இருபது நிமிடம் நில்லுங்கள். நம் நிறத்துக்கு அவ்வளவு வேண்டும். சித்திரை, வைகாசியில் வேண்டாம், மயங்கி விழுவீர்கள். மொட்டை மாடியில் செருப்பு இல்லாமல் நிற்கவே கூடாது.

இது என் பெரிய கவலை, அதனால் விட்டுவிட மாட்டேன். மரத்த பாதத்துக்கு வெறுங்கால் ஆகாது. கோடையில் பிராகாரத்துக் கல்லில் நடந்து உள்ளங்கால் கொப்பளித்துப்போய் வருகிற சர்க்கரைக்காரர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அவர்களில் பலருக்குச் சுட்டதே தெரியாது. வீட்டுக்கு வந்து தரையில் ஈரம் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கோயிலுக்குள் செருப்பு முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே வெயிலுக்கு முன்னால் போங்கள், அல்லது பொழுது சாய்ந்து கல் ஆறிய பிறகு போங்கள். கயிற்றுப் பாய் விரித்திருந்தால் அதன் மேலேயே நடங்கள். திரும்பி வந்ததும் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கையும் விடாதீர்கள். வீதியைச் சுற்றும்போதாவது ஷூ போட்டுக்கொள்ளுங்கள், அடியார்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நடப்பதை நிறுத்த வேண்டாம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இருட்டில் வேண்டாம், நன்றாக விடிந்த பிறகு. அதைவிட நல்லது, சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம். சாப்பிட்டு ஏறுகிற சர்க்கரையைத் தொடைத் தசை அப்போதே வாங்கிக்கொள்ளும். மூன்று வேளைக்கும் பத்து நிமிடம் என்றால் நாளுக்கு அரை மணி ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அந்தக் கணக்கு இதிலேயே எட்டிவிடும். பத்தாயிரம் அடி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த எண் 1965-ல் ஜப்பானில் அடியெண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரம், எட்டாயிரம் அடியிலேயே ஆயுள் லாபம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நீங்கள் அந்த வயதை நெருங்கிவிட்டீர்கள்.

வீட்டு வேலை போதாதா என்று கேட்டீர்கள். அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களை ஆராய்ந்து கண்டதை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. யாரும் அவர்களை ஜிம்முக்கு அனுப்பவில்லை. உங்கள் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்கிற நடை கணக்கில் சேரும். ஆனால் வீட்டு வேலை தராத இரண்டு விஷயம் உண்டு, தொடைக்கு வலு, நிற்பதற்குச் சமநிலை. உங்கள் இப்போதைய நிலைமையில் நடையைவிட இவை இரண்டும்தான் அவசரம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். ஐந்தில் ஆரம்பித்துப் பத்துக்குப் போங்கள், நாளுக்கு இரண்டு தடவை. குக்கர் விசிலுக்காகக் காத்திருக்கும்போது மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு கால் நுனிக்கு முன்னால் மறுகால் குதிகாலை வைத்து, பிடிக்காமல் பத்து எண்ணிப் பாருங்கள். இதைக் கண்ணை மூடிச் செய்யாதீர்கள், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கழிவறைக்குப் போகிற வழியில் இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

82 டெஸ்ட் விஷயம். அந்த எண்ணிக்கையில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முழு ரத்த எண்ணிக்கை என்று ஒரே குழாயில் எடுக்கிற ஒரே சோதனையில் ஹீமோகுளோபின், அணுக்களின் அளவு, வகை என்று இருபதுக்கு மேல் வரிகள் வரும். ஒவ்வொரு வரியும் ஒரு டெஸ்ட். கல்லீரல் ஒன்று பத்தாகும், சிறுநீர் ஒன்று பன்னிரண்டாகும். இப்படி 82. சில பேக்கேஜ்களில் புற்றுநோய்க் குறியீடு என்று ஒன்றிரண்டும் சேர்ப்பார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் அவை நோயைக் கண்டுபிடிப்பதைவிட வீண் பயத்தைத்தான் அதிகம் கிளப்பும். உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற பல அந்த 82-இல் இருக்காது. கண்ணின் பாப்பாவை மருந்து விட்டு விரித்து விழித்திரையைப் பார்க்கிற சோதனை வருடம் ஒருமுறை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்பது. டாக்டர் பாதத்தில் நைலான் இழையால் தொட்டு, இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது. இதற்கு இரண்டு நிமிடம் ஆகும், ஐந்து பைசா செலவில்லை. ரத்த அழுத்தம். மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்குமான சோதனை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் உங்கள் தெருவுக்கு வருகிற சுகாதாரத் தன்னார்வலரைக் கேட்டால், எங்கே எப்போது என்று சொல்வார்.

எல்லாவற்றையும் வைட்டமின் கணக்கில் தள்ளக்கூடாத நேரமும் உண்டு. கால் மரப்பு உங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெதுவாக வந்திருக்கிறது. திடீரென்று ஒரு பக்கக் கையோ காலோ விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரை தேடாதீர்கள், உடனே 108. நடக்கும்போது மூச்சு வாங்குவது, வியர்த்துக் கொட்டி நெஞ்சை அழுத்துவது, இவையும் அப்படியே. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வலி இல்லாமலே வரும், வாயு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. சாப்பாடு குறையாமல் எடை குறைந்தாலும், மலம் கறுத்துப் போனாலும் அந்த வாரமே காட்டுங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலும் இதேபோல் காத்திருக்க வேண்டாம்.

சரி, நாளைக் காலை செய்ய வேண்டியது: பயோட்டினையும் டி பாக்கெட்டையும் அலமாரியில் வையுங்கள். கடை நரம்பு மாத்திரையை டாக்டர் பார்க்கும் வரை நிறுத்துங்கள். மெட்ஃபார்மின் தொடரட்டும். மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், உங்கள் விரல் முட்டிக் கேள்விக்குப் பதிலையும் சேர்த்து.

மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை பாட்டில் வேண்டாம், அம்மாவுக்கு முன்பக்கம் அகலமான, உள்ளே தையல் உறுத்தாத ஒரு ஜோடி ஷூ வாங்கி அனுப்பு என்று. அளவை மாலையில் எடுங்கள். காலையைவிட மாலையில் பாதம் சற்றுப் பெருத்திருக்கும். இரண்டு பாதத்தையும் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதும்.